2013 கம்ப்யூட்டர், பாமினி ஃபைல்கள்: எந்த லினக்ஸ் சரி வரும்?

தக்கலை டைப்பிங்:
வணக்கம். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை பார்க்கிறேன். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணக் கார்டு, சர்ச்சில் அசன விருந்து நோட்டீஸ், இதுதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் 2013-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுபோனது. 11 இதில் ஏறாது.

பக்கத்து வீட்டுத் தம்பி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடலாம் என்று பென் டிரைவில் ஒரு லினக்ஸ் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் போன வருஷத்துக் கொடை நோட்டீஸைத் திறந்தால் "அருள்மிகு" இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் நடுவில் அரைப்புள்ளியும் நிற்கிறது. பகீர் என்றாகிவிட்டது. பத்து வருஷ ஃபைல்கள் இருக்கின்றன. அவையெல்லாம் போய்விடுமா? எந்த லினக்ஸ் போட்டால் இது சரியாகும்?

கோட்டாறு தம்பி:
அக்கா, எழுத்து எங்கும் போகவில்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த ஃபைல். பாமினியில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும், புள்ளிக்கு அரைப்புள்ளி. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. விண்டோஸிலிருந்து பாமினி ஃபாண்ட் ஃபைலைக் காப்பி செய்து, லினக்ஸில் டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். லினக்ஸில் வேர்டு மாதிரி இருக்கும் லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். எந்த லினக்ஸ் ஆனாலும் இதேதான். டைப் செய்வதும் பழைய மாதிரியே. ஃபாண்டைப் பாமினி என்று வைத்துக்கொண்டு அடிக்க வேண்டியதுதான், விரல் பழக்கம் மாறாது.

வாட்ஸ்அப்புக்கு யூனிகோடு (தனி ஃபாண்ட் போடாமலே எங்கும் தெரியும் தமிழ்) வேண்டும் என்றால், தமிழ் டைப் செய்ய உதவும் ஐபஸ், எம்17என் இரண்டையும் போட்டு தமிழ்99 கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

குழித்துறை பழையவர்:
தம்பி சொன்னது சரி. நான் சொல்லுவது எப்படித் தேர்ந்தெடுப்பது என்று. ஒரு 16 ஜிபி பென் டிரைவில் வென்டாய் போடுங்கள், ஒரே பென் டிரைவில் பல லினக்ஸ் வைத்து ஓட்ட உதவும் சாஃப்ட்வேர் அது. அதில் இருப்பது அழிந்துவிடும், முதலில் எடுத்து வையுங்கள். அப்புறம் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, எம்எக்ஸ் லினக்ஸ், டெபியன் லைவ் என்ற மூன்று லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ ஃபைல்களையும் (ஒரு முழு லினக்ஸும் ஒரே ஃபைலாக இருப்பது) அதில் சும்மா காப்பி செய்தால் போதும். கம்ப்யூட்டரைத் திறக்கும்போது பட்டியல் வரும், வேண்டியதை ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காதவரை ஒன்றும் மாறாது.

வேகத்தை வைத்து மார்க் போடாதீர்கள், பென் டிரைவிலிருந்து ஓடினால் மெதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் வைஃபை பிடிக்கிறதா, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பிரிண்டரில்தான் மாட்டிக்கொள்ளுவோம். பென் டிரைவிலிருந்து ஓட்டும்போது ஷட் டவுன் செய்தால் போட்ட ஃபாண்ட் போய்விடும், பயப்படாதீர்கள்.

பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய சாஃப்ட்வேர்) ஃபைல் இருந்தால் லிப்ரே ஆபிஸின் டிரா திறக்கும், ஆனால் வரிகள் இடம் மாறலாம். விண்டோஸ் இருக்கும்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

முடிவு செய்தபின் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிதாக ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்கி அதில் லினக்ஸ் போடுங்கள் மக்களே. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். பத்து வருஷ உழைப்பை அதே டிஸ்க்கில் வைத்துக்கொண்டு பரீட்சை பார்க்கக் கூடாது.

தக்கலை டைப்பிங்:
தம்பிக்கும் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. மூன்று நாள் மழையில் கரண்ட் வந்து வந்து போனதால் இப்போதுதான் எழுதுகிறேன். ஃபாண்ட் போட்டதும் "அருள்மிகு" வந்து நின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றையும் ஓட்டினேன். என் பிரிண்டர் மின்ட்டில் மட்டும் தானாகவே பிடித்தது, மற்ற இரண்டில் டிரைவர் தேட வேண்டியிருந்தது. அதனால் மின்ட்தான். எஸ்எஸ்டி 256 ஜிபி போதுமா அண்ணா?

குழித்துறை பழையவர்:
தாராளம். நோட்டீஸ் ஃபைல் எவ்வளவு இடம் பிடித்துவிடும்!