ஏர்போர்ட் கரண்டு செலவை சோலார் போட்டு எவ்ளோ குறைக்க முடியும்?

பந்திங்_பாலிடெக்
வணக்கம், மலேசியா பந்திங்ல இருந்து எழுதறேன். பாலிடெக்னிக்ல எலெக்ட்ரிக்கல் கடைசி செமஸ்டர், ஏர்போர்ட்ல சோலார் மாதிரி விஷயங்கள வச்சு கரண்டு செலவ எப்படி குறைக்கலாம்ங்கறதுதான் என் புரொஜெக்ட். கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் ஏர்போர்ட், இருக்கிற இடம் முன்ன செம்பனைத் தோட்டம்தானே, எங்க தாத்தா அந்தப் பக்கம் தோட்டத்துல வேலை செஞ்சவரு, இப்ப எங்க தாமான்ல (குடியிருப்புல) நிறைய பேரு ஏர்போர்ட்லதான் ஷிப்ட் போறாங்க, அதனால மார்க்குக்காக மட்டும் இத செய்யல. ராத்திரி பகல்னு ஓடுற இடத்துக்கு சோலார் தாங்குமா? மழை நாள்ல என்ன பண்ணுவேன்னு லெக்சரர் கேக்குறாரு.

சார்ஜ்மேன்_கிள்ளான்
தம்பி, பேனல் அப்புறம், முதல்ல ஏர்கோன பாரு. நம்ம ஊரு சூட்டுல டெர்மினல் மாதிரி கட்டடத்துல கரண்ட ரொம்ப இழுக்கிறது கூலிங்தான். நான் முன்ன ஒரு பெரிய கட்டடத்துல மெயின்டனன்ஸ் பார்த்தேன், பேரு வேணாம். அங்க 20 டிகிரில வச்சு விட்டுருவாங்க, கவுண்டர்ல இருக்கிற பிள்ளைங்க சுவெட்டர் போட்டுகிட்டு உட்கார்ந்திருக்கும், வாசல்ல ரெண்டு ஆட்டோ டோரும் ஒரே நேரத்துல திறந்து வெளி ஈரக்காத்து உள்ள வந்து சீலிங்ல காத்து வர்ற கம்பிமேல தண்ணி முத்து முத்தா நிக்கும். அந்த ஈரத்த எடுக்கவே சில்லர், அதான் ஏர்கோனுக்குத் தண்ணிய குளிர வைக்கிற மெஷின், கெடந்து உழைக்கும். 24க்கு ஏத்து, ரெண்டு கதவுக்கும் நடுவுல நல்லா இடம் விடு, சில்லரோட சூட்ட வெளிய தள்ற கண்டென்சர் குழாயில படியறத ஒழுங்கா கிளீன் பண்ணு. பம்பு, ஃபேனுக்கு வேகத்த குறைக்கிற டிரைவ் போட்டியன்னா வேகம் 80 சதவீதத்துக்கு இறங்கும்போதே கரண்டு கிட்டத்தட்ட பாதியாயிடும், இது கணக்குலயே வரும், போட்டுப் பாரு. இவ்ளோ செஞ்சுட்டு சோலார் போட்டா கம்மி பேனலே போதும். வெயில் ஏறும்போதுதான் கூலிங்கும் ஏறுது, அதனால நம்ம ஊருக்கு சோலார் நல்லா பொருந்தும் லா.

மோரிப்_அக்கா
ராத்திரிக்கு என்னன்னு கேட்டீங்கல்ல தம்பி, கொச்சி ஏர்போர்ட்ட எடுத்துப் படிங்க. 2015 ஆகஸ்ட் 18ல 45 ஏக்கர்ல 12 மெகாவாட் சோலார் ஆரம்பிச்சாங்க, முழுசா சோலார்ல ஓடுற உலகத்தோட முதல் ஏர்போர்ட்டுனு பேரு வாங்குச்சு, 2018ல ஐநா விருதும் குடுத்தாங்க. அதுக்காக ராத்திரிக்கு பெரிய பேட்டரி ஒண்ணும் வைக்கல. பகல்ல மிஞ்சறத கேரளா கரண்டு போர்டு லைனுக்கு குடுத்துட்டு ராத்திரி திருப்பி வாங்கிக்கறாங்க, பேங்க்ல போட்டு எடுக்கிற மாதிரி. மழை நாளுக்கும் அதான் வழி. 2021ல கோழிக்கோடு பக்கம் அரிப்பாறையில 4.5 மெகாவாட் தண்ணி மின்சாரமும் சேர்த்தாங்க, அங்க மழைக்காலத்துல வெயில் குறையும்போது ஆறு நிறைஞ்சு ஓடும், யோசிச்சு செஞ்ச வேலை. பேனலுக்கு நடுவுல காய்கறி கூட போடறாங்க, தோட்டத்துல வளர்ந்த எனக்கு அதப் படிச்சப்ப அவ்ளோ சந்தோஷம். நம்ம கேஎல்ஐஏலயும் 2014லயே தரையில, கார்பார்க் கூரையில, கட்டடத்து மேலன்னு 19 மெகாவாட் போட்டுட்டாங்க, அத விட்டுடாதீங்க.

ஆலை_பாய்லர்
செம்பனை ஆலைய ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க? பழத்தோட நாரையும் கொட்டை ஓட்டையும் பாய்லர்ல எரிச்சு அந்த ஸ்டீம்லயே ஆலை தன் கரண்ட தானே எடுத்துக்குது. கழிவுத்தண்ணி குளத்துல இருந்து மீத்தேன் வருது, பல இடத்துல அது சும்மா காத்துல போகுது, மூடி பிடிச்சா என்ஜின் ஓட்டலாம், ராத்திரியும் ஓடும். ஏர்போர்ட் பக்கம் கோலலங்காட், சிப்பாங் சுத்தி இன்னும் செம்பனைதானே இருக்கு. ஆலையில இருந்து லைன் இழுக்கிற செலவுதான் கஷ்டம், அத புரொஜெக்ட்ல மறைக்காம எழுதுங்க.

பந்திங்_பாலிடெக்
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. இன்னொண்ணு, பேனல் வெளிச்சம் அடிச்சு பைலட்டுக்கு கண்ணு கூசாதா?

சார்ஜ்மேன்_கிள்ளான்
கூசும், அதான் வைக்கிறதுக்கு முன்னாடியே சூரியன் போற கோணத்த வச்சு கணக்கு போடணும். அமெரிக்காவுல மான்செஸ்டர்-பாஸ்டன் ஏர்போர்ட்ல 2012ல கார்பார்க் மேல வச்ச பேனல் கண்ட்ரோல் டவர்ல இருந்தவங்களுக்கு நேரா அடிச்சு, கொஞ்சத்த தார்பாய் போட்டு மூடி, அப்புறம் திசைய மாத்தினாங்க. அப்புறம் கேட்ல நிக்கிற பிளேன மறந்துடாத, வால் பக்கம் இருக்கிற சின்ன என்ஜின் லைட்டுக்கும் ஏர்கோனுக்கும் எண்ணெய் குடிச்சுகிட்டே நிக்கும். தரையில இருந்து பிளேனுக்கு ஏத்த 400 ஹெர்ட்ஸ் கரண்டும் குளிர்காத்தும் குடுத்தா அத ஆஃப் பண்ணிடலாம். ஏர்போர்ட் பில் ஏறும், ஆனா மொத்த எண்ணெய் செலவு இறங்கும், அந்த ரெண்டையும் ஒரே டேபிள்ல போட்டுக் காட்டு.