உகாண்டாவின் அகதிக் குடியிருப்புகள்: உள்ளூர் மக்களுக்கான 30 விழுக்காடு போதுமா?

மருதன்:
உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம், அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை தருகிறது. 2016இல் தெற்கு சூடானிலிருந்து மக்கள் பெருந்திரளாக வந்தபோது, வடமேற்கிலுள்ள யும்பே மாவட்டத்தில் பிடிபிடி அகதிக் குடியிருப்பு திறக்கப்பட்டு, குடும்பத்துக்கு 30 மீட்டருக்கு 30 மீட்டர் என மனை ஒதுக்கப்பட்டது. குடியிருப்புகளுக்கு வரும் உதவியில் ஏறத்தாழ 30 விழுக்காடு சுற்றுவட்டார மக்களுக்குச் சேர வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. உலகம் மனையைப் பாராட்டுகிறது. என் பார்வையில் அந்த அமைப்பைத் தாங்கி நிற்பது இந்தப் பங்கீடுதான். தாமும் வறுமையில் இருக்கும் ஒரு மாவட்டத்தின் மக்கள், அண்டை வீட்டாருக்கு மட்டும் மருத்துவமனையும் பள்ளியும் எழுவதை எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்வார்கள்?

இளவேனில்:
பங்கீடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அது ஈடு செய்வதாகச் சொல்லப்படும் இழப்பு என்ன என்பதைத்தான் கேட்கிறேன். தென்மேற்கிலுள்ள நகிவாலே குடியிருப்பு அரசு நிலத்தில் அமைந்தது. வடமேற்கில் நிலம் குலங்களுக்கு மரபுவழி உரிமையானது. அதைப் பெரியவர்கள் வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்தது, சாலையும் பள்ளியும் வேலையும் வரும் என்ற நம்பிக்கையில். ஆண்டுகள் கழித்து, உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள் என்பதற்காகக் குடியிருப்புக்குள் கட்டிய பள்ளியையே அவர்கள் பங்காகக் கணக்கெழுதினால், நிலம் கொடுத்தவர் அதை எப்படி ஏற்பார்?

மனையின் அளவையும் பாருங்கள். 900 சதுர மீட்டர், கால் ஏக்கருக்கும் குறைவு. அதில் வீடும் கழிப்பறையும் போக எஞ்சும் மண்ணில் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதற்கும் விளைவித்துக்கொள்ளும் என்பதைக் கொள்கை எழுதுவோர் மட்டுமே நம்ப முடியும். 2020இல் நிதிப் பற்றாக்குறையால் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் உதவியாகத் தரும் உணவைக் குறைத்த பிறகு, அகதிகளுக்கு உள்ளூர்க்காரரிடம் நிலம் கேட்டுப் பயிரிடுவதைவிட வேறு வழி அதிகம் இருக்கவில்லை. ‘தற்சார்பு’ என்று நாம் எழுதுவதில் பெரும்பகுதி அந்தப் பேரத்தில்தான் நிற்கிறது. அந்தப் பேரமோ எந்தத் திட்ட அறிக்கையிலும் முதன்மை இடம் பெறுவதில்லை.

மருதன்:
பொதுப் பள்ளியைக் குறையாகச் சொல்வதை ஏற்க மாட்டேன். இரு தரப்புக்கும் தனித்தனியே கட்டினால் பகைக்குத் தூண் நடுவதாகும். தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பிடிபிடிக்கு லாரிகளில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. பெருஞ்செலவான அந்த ஏற்பாடு லாரி நின்றதும் மறைந்துவிடும். அதே பணத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டி, சூரிய ஒளியில் இயங்கும் பம்பும் குழாயும் அமைத்தால், அகதிகள் ஊர் திரும்பிய பின்னும் அந்தப் பகுதிக்கு மிஞ்சும். 2020 செப்டம்பரில் அதே வடமேற்கிலுள்ள ரைனோ முகாம் என்ற குடியிருப்புப் பகுதியில் தண்ணீர் எடுக்குமிடத்தில் மூண்ட தகராறு உயிர்ப்பலியில் முடிந்தது. குழாயடியில் நேரும் சச்சரவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவே போதும்.

மேலும், அந்த மண்ணின் மக்களுக்கு அடைக்கலம் புதிதல்ல. இடி அமீனின் வீழ்ச்சிக்குப் பின், 1979-80 காலத்தில், வடமேற்கிலுள்ள இந்த மேற்கு நைல் பகுதியினர் பெருமளவில் சூடானுக்கும் அன்றைய சயீருக்கும் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஓடினார்கள். நிலம் கொடுத்ததில் அந்த நினைவுக்கும் பங்குண்டு.

இளவேனில்:
அந்த நினைவை மதிக்கிறேன். ஆனால் வெளியார் அதைக் காட்டிச் செலவைத் தவிர்ப்பதை மதிக்க இயலாது. அகதிகளுக்கு நிதி திரட்ட 2017 ஜூனில் தலைநகர் கம்பாலாவில் நடந்த ஒருமைப்பாட்டு மாநாடு 200 கோடி டாலரை எதிர்பார்த்தது. உறுதியளிக்கப்பட்டது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த ஆண்டே, அகதிகளின் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, கைரேகைவழி மறுபதிவு நடத்தியபோது 14 லட்சம் என்றிருந்த கணக்கு 11 லட்சத்தை ஒட்டி இறங்கியது. மொத்தத் தொகை ஆட்டம் காணும்போது அதன் 30 விழுக்காடு எதற்கு உறுதி தரும்?

எழினி:
இருவரும் விறகைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். சமையலுக்கும் வீடு கட்டவும் மரம் வெட்டப்படும்போது, ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்து விற்கும் உள்ளூர்ப் பெண்களின் வருமானமும் சேர்ந்தே போகிறது. அது 30 விழுக்காட்டில் வராத இழப்பு, மரம் முதிர்ந்து காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் நாற்று நட்டு உடனே ஈடு செய்யவும் இயலாதது. நில உடன்பாட்டை எழுத்தில் வைத்து, அதில் மரத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மருதன்:
எழுத்தில் வைத்தால் கையெழுத்திடுபவர் குலத் தலைவராக இருப்பார். அந்நிலத்தில் பாடுபடும் பெண்களின் பெயர் அதில் வராது. எழுத்து வந்தால் வாடகையும் வரும்; வந்த பின் அதை உயர்த்தவும், தர இயலாதவரை வெளியேற்றவும் உரிமை வந்துவிடும். அடைக்கலத்தைக் குத்தகையாக்க நான் உடன்பட மாட்டேன்.

இளவேனில்:
வெளியேற்றும் வலிமை இன்றும் நிலம் கொடுத்தவர்களிடம்தான் இருக்கிறது, காலக்கெடுவோ முன்னறிவிப்போ இல்லாமல். குத்தகையில் குறைந்தது அவையாவது இருக்கும். பெண்களின் பெயரை உடன்பாட்டில் சேர்க்க முடியாது என்று யார் சொன்னது?

மருதன்:
சேர்க்க முடியும் என்றால், முதலில் உள்ளூர்ப் பெண்களின் பெயரில் தொடங்கிக் காட்டட்டும். அதன் பிறகு குத்தகையைப் பற்றிப் பேசலாம்.