செக் கேஸ்ல பிடிவாரண்ட் இருக்குதாமுங்க, நேர்ல போனா உள்ள வெச்சுருவாங்களா?

தறிக்காரன்:
எல்லாருத்துக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கம் எட்டு தறி கூலிக்கு ஓட்டிட்டு இருந்தவன். சொந்தமா துணி ஓட்டலாம்னு ஆசப்பட்டு 2022ல நூல் வாங்கி, அதுக்குக் குடுத்த செக்கு திரும்பி, நூல் குடுத்தவரு செக் திரும்புனதுக்கான 138வது பிரிவுல கேஸ் போட்டுட்டாரு. மூணு வாய்தா நேர்ல போனேனுங்க. அப்பறம் எங்க வக்கீலு "நீங்க அலைய வேண்டாம், நீங்க வராததுக்கு நான் 317 மனு போட்டுக்கறேன்"னாரு, நானும் தறிய எடைக்குப் போட்டுட்டு காங்கயத்துல ரைஸ்மில் வேலைக்கு வந்துட்டேன். போன வாரம் பழைய வீட்டு ஓனரம்மா போன் பண்ணி, ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு பேரு வாரண்ட்டுன்னு தேடி வந்தாங்கங்குது. வக்கீலு போனே எடுக்கறதில்ல. என்ற சம்சாரம் ராத்திரி பைக் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துக்குது. என்ன பண்றதுங்க?

ஈரோட்டு மாப்ள:
ரெண்டு வருசம் கண்ணுல படாம இருங்ணா, வாரண்ட்டு தானா காலாவதி ஆயிரும். இல்லைன்னா முன்ஜாமீன் போட்டுருங்க.

கோபி வக்கீல்:
மேல தம்பி சொன்னது ரெண்டுமே தப்புங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க. வாரண்ட்டுக்கு காலாவதியே கெடையாது. போட்ட கோர்ட்டு ரத்து பண்ணணும், இல்ல போலீஸ் உங்கள புடிச்சுக் கொண்டு போய் நிறுத்தணும், அதுவரைக்கும் உசுரோடதான் இருக்கும். செக் கேஸே ஜாமீன்ல விடற கேஸுதான், அதனால முன்ஜாமீனுக்கு ஐகோர்ட்டு வரைக்கும் செலவு பண்ண வேண்டியதில்ல. வாரண்ட் போட்ட அதே கோர்ட்டுல நீங்களே நேர்ல நின்னு ரீகால் பெட்டிஷன், அதாவது வாரண்ட்ட ரத்து பண்ணச் சொல்ற மனு, போடணும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 70(2), 2024 ஜூலை 1ல வந்த புது சட்டத்துல 72(2), உங்க கேஸுக்கு எதுன்னு வக்கீலு பாத்துக்குவாரு.

மொதல்ல போன்ல இ-கோர்ட்ஸ் ஆப்ல உங்க பேரையும் கேஸ் வருசத்தையும் போட்டுத் தேடுங்க, எந்தக் கோர்ட்டு, எந்தத் தேதிக்கு நிக்குதுன்னு வந்துரும். பழைய வக்கீல் ஆபீசுக்கு நேர்லயே போய், வக்காலத்த மாத்திக்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்குங்க. குடுக்கலைன்னாலும் கோர்ட்டுல அனுமதி கேட்டு மாத்திக்கலாம். காசு இல்லாம வக்கீல் வெக்க முடியலைன்னா கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100க்கும் கூப்பிடலாம்.

நொய்யல்கரை:
நான் இதே பாட்ட பட்டவனுங்க, அதனால சொல்றேன். வெசனப்பட்டுட்டு வீட்டுல உக்காந்திருந்தா எச்சா கஷ்டந்தான். என்னைய வெள்ளிக்கிழமை பொழுதோட டீக்கடைல வெச்சுப் புடிச்சாங்க, அன்னைக்கு ராத்திரி பூரா ஸ்டேஷன் பெஞ்சு, அடுத்த நாள் லீவுங்கறதால மாஜிஸ்ட்ரேட் வீட்டுல ஆஜர். ஜாமீனுக்கு ஆளில்லாம திங்கக்கிழமை வரைக்கும் உள்ள இருந்தேன். ரெண்டாவது தடவ வாரண்ட்டுன்னு தெரிஞ்சதும் நானே காலைல பத்து மணிக்கு வக்கீலோட போயிட்டேன். சாயங்காலம் வரைக்கும் கோர்ட்டுலயே உக்கார வெச்சிருந்தாங்க, ஐயா "ஏன் வரல"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு, ஆஸ்பத்திரி சீட்டக் குடுத்தேன், இனி ஒழுங்கா வரணும்னு சொல்லி ரீகால் பண்ணீட்டாங்க. உங்ககிட்ட சீட்டு இல்லைன்னா பொய் சீட்டு வாங்காதீங்க, வீடு மாறினத அப்படியே சொல்லுங்க, ரைஸ்மில் சம்பளச் சீட்டு இருந்தா எடுத்துக்கங்க. பழைய ஜாமீன்காரங்க ரெண்டு பேர்த்தையும் ஒட்டுக்கா கூட்டிட்டுப் போங்க, புதுசா ஜாமீன் கேட்டா அங்கயே நிக்கட்டும். அப்பறம் "நான் பாத்துக்கறேன்"னு எவனாச்சும் காசு கேட்டா நயா பைசா குடுக்காதீங்க, அது எங்கயும் போய்ச் சேராது.

அவினாசி அக்கா:
ஏனுங் தம்பி, நூல் குடுத்தவருகிட்ட ஒருக்கா பேசிப் பாருங்க. செக் கேஸ் சமாதானம் ஆகற கேஸுதான், மக்கள் நீதிமன்றத்துல வெச்சு தவணைல முடிச்சவங்க எங்க பக்கம் இருக்காங்க. ஆனா மொதல்ல வாரண்ட்ட எடுங்க, தலைக்கு மேல அது இருக்கும்போது பேரம் பேசுனா அவரு கை ஓங்கீரும்.

தறிக்காரன்:
ஆப்ல பாத்தேனுங்க, வர்ற 18ந் தேதி இருக்குது, "என்.பி.டபிள்யூ பெண்டிங்"னே, அதாவது பிடிவாரண்ட் நிலுவைலன்னு, போட்டிருக்குது. பழைய வக்கீலு ஆபீசுல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு, முகத்தப் பாக்கவே இல்ல. ஒரு ஜாமீன்காரரு போன வருசம் தவறிட்டாருங்க. அவருக்குப் பதிலா என்ற மாமனாரு வரலாங்களா? வீடு மாமியா பேர்ல இருக்குது.

கோபி வக்கீல்:
வீட்டு வரி ரசீது யாரு பேர்ல இருக்குதோ அவங்களே வரணும். மாமியாளையே கூட்டிட்டு வாங்க, ரசீது, ஆதார் ரெண்டுக்கும் ஒரிஜினலும் ஜெராக்ஸும் இருக்கோணும். 18 வரைக்கும் காத்திருக்காதீங்க, அதுக்குள்ள உங்களப் புடிச்சாலும் புடிச்சுருவாங்க. முந்தியே கேஸ எடுக்கச் சொல்லி மனு போட்டு, நாளைக்கோ நாளான்னைக்கோ காலைல போயிருங்க.