நர்சிங் மாணவர்கள் வகுப்பில் தலையாட்டுகிறார்கள், டெஸ்ட் எழுதுகிறார்கள், வார்டுக்கு வந்தால் முழிக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

புது டியூட்டர்:
வார்டில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் நர்சிங் டியூட்டராகச் சேர்ந்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டு, வகுப்பில் 60 பேர். இதயச் செயலிழப்புப் பாடத்தை ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் நடத்தினேன், எல்லோரும் தலையாட்டினார்கள், டெஸ்டிலும் நன்றாகவே எழுதினார்கள். அடுத்த வாரம் அதில் ஒரு மாணவி பல்ஸைக் குறைத்துவிடக்கூடிய டிகாக்சின் என்ற இதய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பெட் பக்கத்தில் நிற்கிறாள், "பல்ஸ் பார்த்தியா?" என்று கேட்டால் பதிலே இல்லை. அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் அவள்! சரி, முறையை மாற்றுவோம் என்று குழு விவாதம் வைத்தேன். பாதிப் பேர் வாயே திறக்கவில்லை, மீதிப் பேர் "நீங்களே நடத்திடுங்க மேடம், போர்ஷன் முடியாது" என்கிறார்கள். பழையபடி ஸ்லைடுக்கே போய்விடலாமா?

பழைய டியூட்டர்:
போகாதீர்கள். மாணவர்கள் அப்படிச் சொல்வது இயல்புதான். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டுப் படித்தவர்கள் டெஸ்டில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் "நன்றாகப் புரிந்தது" என்று சொன்னவர்கள் சரளமான லெக்சர் கேட்டவர்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் சிரமமாக இருக்கும், அந்தச் சிரமத்தைப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதை முதல் வகுப்பிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், "விவாதியுங்கள்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பேச வராது, முடிவெடுக்க வேண்டிய ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உங்கள் டிகாக்சினையே எடுங்கள். 72 வயது அம்மா, டிகாக்சினும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் ஃப்யூரோசமைடும் எடுக்கிறார், காலையில் சாப்பாடு வேண்டாம் என்கிறார், குமட்டுகிறது, "எல்லாம் மஞ்சளா தெரியுது" என்கிறார். இவ்வளவுதான் கொடுங்கள். டிகாக்சின் காலை டோஸ் கொடுப்பாயா மாட்டாயா, முதலில் எதைப் பார்ப்பாய் என்று இரண்டு நிமிடம் தனியாக எழுதச் சொல்லுங்கள். தனியாக எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் வாயாடுகிற நாலு பேர்தான் வகுப்பை நடத்துவார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம். அதற்கப்புறம் பல்ஸ் 52 (இயல்பைவிடக் குறைவு) என்று சொல்லுங்கள், எத்தனை பேர் முடிவை மாற்றுகிறார்கள் பாருங்கள். கடைசியில்தான் ரத்தத்தில் பொட்டாசியம் 2.9, அதுவும் குறைவு. இப்போது பத்து நிமிடம் லெக்சர் எடுங்கள்: செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பில் டிகாக்சினும் பொட்டாசியமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் அதிகமாகப் போய் ஒட்டிக்கொண்டு நச்சாகும், அந்தக் குமட்டலும் மஞ்சளும் அதன் அறிகுறிதான், அந்தப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றியது ஃப்யூரோசமைடு. அந்தப் பத்து நிமிடம் ஒருவரும் தூங்க மாட்டார்கள், ஏனென்றால் கேள்வி அவர்களுடையதாகிவிட்டது.

வார்டு இன்சார்ஜ்:
பொம்மையில் செய்முறை பழகும் ஸ்கில் லேபுக்கு பேய்ட்டனின் நான்கு படி முறையைப் பாருங்கள். முதலில் ஒன்றும் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது, அடுத்து விளக்கிக்கொண்டே செய்வது, மூன்றாவது மாணவி சொல்லச் சொல்ல நாம் செய்வது, கடைசியில் அவளே சொல்லிச் செய்வது. பலர் மூன்றாவதைத் தாண்டிவிடுகிறார்கள், ஆனால் ஓட்டை தெரிவதே அங்கேதான். பொம்மையில் கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் போய் பலூனால் நிற்கும் குழாய்) போட்டுக் காட்டும்போது ஒரு மாணவி, சிறுநீர் வந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே "பலூனில் தண்ணீர் ஏத்துங்க" என்றாள். மூன்று தடவை பார்த்தவள்தான்! கையை நிறுத்திவிட்டு "பலூன் இப்போ எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து அவளே "யூரித்ராவில இருக்கலாம்" (பைக்குப் போகும் வழியிலேயே) என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், நோயாளி முன்னால் திட்டாதீர்கள். நான் படிக்கும்போது ஒருமுறை அப்படி வாங்கினேன், அதற்குப் பிறகு ரொம்ப நாள் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிட்டேன். சந்தேகம் கேட்காத நர்ஸ் ஆபத்தானவள்.

பார்மகாலஜி ஆசிரியர்:
எல்லாப் பாடத்தையும் கேஸாக மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. அடிப்படையே தெரியாதவர்களைக் கேஸில் தள்ளினால் ஊகிக்கத்தான் செய்வார்கள். இரண்டு பக்கம் முன்கூட்டியே படித்து வரச் சொல்லி, எது கட்டாயம் தெரிய வேண்டுமோ அதற்கு மட்டும் கேஸ் வையுங்கள். நான் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு வகுப்பும் போன வாரப் பாடத்தில் மூன்று கேள்வியோடு தொடங்கும், நோட்டு மூடியிருக்கும், மார்க் கிடையாது. 1000 மில்லி டிரிப், 8 மணி நேரம், செட்டில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 31 வர வேண்டும். முதல் மாதம் திணறினார்கள், இப்போது நான் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடை வருகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் செய்த ஆய்விலும் இதைத்தான் பார்த்தார்கள்: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த டெஸ்டில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்டில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

மூன்றாம் ஆண்டு:
மாணவியாகச் சொல்கிறேன் மேடம். எங்களுக்குப் பேசப் பிடிக்காமல் இல்லை, 60 பேர் முன்னால் தப்பாகச் சொல்லப் பயம். எங்கள் மேடம் ஒருவர் பெயரில்லாமல் சீட்டில் எழுதி வாங்கி, தப்பான பதிலைப் படித்து "இப்படி யோசித்ததற்கு என்ன காரணம் இருக்கும்?" என்று கேட்பார். அந்த வகுப்பில்தான் நான் முதல் முறை கை தூக்கினேன்.

புது டியூட்டர்:
எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை அந்த மஞ்சள் கேஸை எடுக்கிறேன், சீட்டில் எழுதி வாங்கியே. அந்த மூன்று நிமிடம் நான் மேசையில் உட்கார்ந்திருக்கவா, நடக்கவா?

பழைய டியூட்டர்:
நடங்கள், காதைக் கொடுங்கள், பதில் மட்டும் சொல்லாதீர்கள். கேட்ட தப்புகளில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் பத்து நிமிட லெக்சரை அங்கிருந்து தொடங்கலாம்.