குடைக்கள்ளனை எங்கே சந்தித்தீர்கள்? சிபில் வெத்தசிங்கவின் படங்களோடு எங்கள் அனுபவங்கள்

சுன்னாகம், ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

கொழும்பிலிருந்து மச்சாள் அனுப்பிய புத்தகம், சிங்களச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் 'குடைக்கள்ளன்'. முழுவதும் சிங்களம், எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மாரி மழையில் பாதி வகுப்பு வராத ஒரு நாள், படங்களைக் காட்டியே கதை சொல்லிவிடலாம் என்று எடுத்துப் போனேன்.

கதையில் வருவது குடையே கண்டிராத ஊர். மழை வந்தால் வாழையிலையைத் தலைக்குப் பிடிக்கிறார்கள். "எங்கள் அம்மம்மா உரப்பையை மடித்துப் போடுவா, ரீச்சர்" என்றான் ஒருவன். கிரி மாமா பட்டணம் போய்க் குடை வாங்குகிறார். திரும்பும் வழியில் வெளியே வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனால் குடையைக் காணோம். வாங்க வாங்கக் களவு போகிறது. கடைசியில் குடை மடிப்புக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே நடந்து போகிறார். மரம் நிறையக் குடைகள்! அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் பிள்ளைகள் கதிரையை விட்டு எழுந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

ஒரு குடையை மட்டும் கள்ளனுக்கென்று விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டு வருகிறார். "கள்ளனுக்கு ஏன் விட்டவர்?" என்று பெரிய வழக்கே நடந்தது. கள்ளன் குரங்கு என்று தெரிந்த பிறகுதான் மன்னிப்புக் கிடைத்தது.

யாழ்ப்பாணம் திருநெல்வேலி, படம் வரைகிறவர்:

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்துதான் சீவிக்கிறேன். வரையப் பழகியது போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில். வர்ணம் கிடையாது, கறுப்பு மைதான். அதனால் யாருடைய படத்தைப் பார்த்தாலும் முதலில் கோட்டைத்தான் பார்ப்பேன். மரத்தில் தொங்கும் அந்தக் குடைகளைப் பிரதி எடுத்துப் பார்த்தேன். சும்மா தொங்கவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் ஒன்றின் சரிவை மாற்றினால் மரமே ஒரு பக்கம் சாய்ந்தது போலாகிவிடுகிறது.

சிபில் வெத்தசிங்க 1927இல் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. பிறகு பத்திரிகை வேலை, சிறுவர் பக்கம் என்று வாழ்க்கை முழுவதும் பட்டணத்தில். ஆனாலும் வரைந்ததெல்லாம் அந்தச் சின்ன வயதில் கண்ட கிராமத்தைத்தான். 1956இல் வந்த இந்தக் கதையையும் அவரே எழுதி அவரே வரைந்தார்.

எனக்குப் பொறாமை அங்கேதான். எங்களுக்குக் கதை வருவது அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது. "ஐந்து படம் போதும், தம்பி, கொஞ்சம் பார்த்துப் போடுங்கோ" என்பார்கள். எழுதியவரின் பெயர் அட்டையில். வரைந்தவரின் பெயர் விலைக்குக் கீழே பொடி எழுத்தில், அதுவும் ஞாபகம் வந்தால். தோட்டக் காட்சி கேட்பார்கள். கிணற்றுத் துலாவும் கிளுவை வேலியும் வரைந்து கொடுத்தால், இந்தியப் புத்தகம் ஒன்றைக் காட்டி "இப்படி வரையுங்கோ" என்பார்கள். கிந்தோட்டைப் பெண்ணிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது, அல்லது அவர் கேட்டிருக்க மாட்டார்.

சாவகச்சேரி, ஒரு தகப்பன்:

அண்ணை, உங்கள் ஆதங்கம் சரிதான். ஆனால் எழுதுவதையும் வரைவதையும் ஒருவரே செய்தால்தான் நல்ல புத்தகம் வரும் என்பதை நான் ஏற்க மாட்டேன். வரைகிறவருக்கு ஒரு மாதம் நேரம் கொடுத்துப் பார்த்தவர்கள் இங்கே யார்?

சிபில் வெத்தசிங்க 2020 ஜூலையில், 92 வயதில், காலமானார். அதே ஆண்டில்தான் அவருடைய இன்னொரு கதை, பிள்ளைகள் எழுதி அனுப்பிய 1,250 முடிவுகளோடு, கின்னஸ் சாதனையானது. அந்தச் செய்தியை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே குடைக்கள்ளன் கதைக்கும் அவள் ஒரு முடிவு எழுதினாள். மூலக்கதையில் கிரி மாமா மீட்ட குடைகளை வைத்துக் கடை போடுகிறார் அல்லவா? இவள் கதையில் அந்தக் கடையில் குரங்கு சம்பளமில்லாமல் வேலைக்கு நிற்கிறது, களவெடுத்த கணக்குத் தீரும்வரை. மனேச்சர் யார் என்று கேட்டேன். தானாம்.