மறுமொழி: ஓடும்போது எஞ்சின் நின்றுபோவதற்கு ஒரு சொல் – ‘நூர்வு’

குழும உறவுகளுக்கு வணக்கம்.

டீசல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. ஒருநாள் நிற்கும், அடுத்த நாள் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு இடைநிறுத்தம், இடைமுடக்கம், எந்திர அணைவு, தற்காலிகச் செயலிழப்பு ஆகிய சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மட்டக்களப்பில் வாகன மின்வேலை பழகும் பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதுகிறவன் நான். இந்தச் சொற்களை அந்தக் குறிப்புகளுக்குள் வைத்துப் பார்த்தபோது எல்லாமே ஒரே இடத்தில் இடறின. எஞ்சின் எப்படி நிற்கிறது என்பது ஒரு விஷயம். பழுது எப்போது தலைகாட்டுகிறது என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப் பார்க்கிறோம். பழுது தேடுகிறவனுக்கு அந்த இரண்டும் தனித்தனியாகத்தான் வேண்டும்.

கராஜுக்கு ஒருவர் வந்து “வண்டி இடையில நிண்டு போகுது” என்று சொன்னால், எங்கள் பக்கத்துப் பாஸ்மார் (மெக்கானிக்குமார்) முதலில் கேட்பது இதைத்தான்: “டக்கெண்டு நூருதா (அணைகிறதா), இல்லாட்டி இழுத்து இழுத்து நிக்குதா?” பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

இழுத்து இழுத்து, திணறி, பிறகு நின்றால் பெரும்பாலும் டீசல் வழியில்தான் பார்க்கவேண்டும். பில்ட்டர் அடைத்திருக்கும், டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், அல்லது எங்கேயோ ஒரு குழாய் இணைப்பில் காற்று உள்ளே போகும். பில்ட்டருக்கும் பம்புக்கும் இடையே உள்ளே தெரியக்கூடிய ஒரு துண்டு குழாயைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டால் காற்றுக் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கொமன் றெயில் வண்டியாக (டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இருந்தால், றெயில் என்ற அந்தக் குழாயில் அழுத்தம் விழுந்ததாக பி 0087 என்ற பழுதுக் குறியீடு (கோட்) பதிவாகியிருக்கலாம். நின்றபின் உடனே ஸ்டாட் ஆகாது. நெடுநேரம் ஸ்டாட்டரை அடித்து, ‘எயார் எடுத்த’ (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய) பிறகுதான் பிடிக்கும்.

டக்கென்று, சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல நின்றால் முதல் சந்தேகம் மின்மேல்தான். டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் எஞ்சின்போலத் தீப்பொறி தேவையில்லை. ஒருமுறை ஓடத் தொடங்கினால் டீசலும் காற்றும் கிடைக்கும்வரை அது ஓடும். அப்படியென்றால் அதைக் கண நேரத்தில் நிறுத்துவது எது? டொயோட்டா 2சி போன்ற பழைய எஞ்சின்களில் டீசல் பம்பின் மேல் சின்னதாக ஒரு மின்காந்த வால்வு இருக்கும். அதற்குப் போவது ஒற்றை வயர். சாவி போட்டதும் 12 வோல்ற் வந்து உள்ளே இருக்கும் முளையைத் தூக்கி டீசலுக்கு வழிவிடும். மின் போனால் அந்தக் கணமே சுருள்வில் முளையை இறக்கி வழியை அடைத்துவிடும். ஆகவே அந்த ஒற்றை வயரில் தொடர்பு விட்டால் போதும், எஞ்சின் நூர்ந்துவிடும்.

இதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு மறக்காது. எஞ்சின் ஓடும். பாஸ் அந்த வயரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து மெல்ல நெளிப்பார். வெளி உறையில் ஒரு கீறலும் இராது, உள்ளே இழைகள் முறிந்திருக்கும். ஒரு பக்கம் நெளிக்க எஞ்சின் கப்பென்று நூரும். மறுபக்கம் வளைத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டாட் பண்ணச் சொன்னால் உடனே பிடிக்கும். தொங்கலில் இருக்கும் றப்பர் மூடியைப் பின்னுக்கு இழுத்தால் வளையத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எங்கள் எழுவான்கரையில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று செம்பை விட்டுவைப்பதில்லை.

புதிய எஞ்சின்களில் இந்த வேலையை ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினி) எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங் தண்டு எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று ஒரு சென்சர் சொன்னால்தான் அது டீசலைத் தெளிக்கச் சொல்லும். சில சென்சர்களுக்குள் இருப்பது மெல்லிய செம்புக்கம்பிச் சுருள். எஞ்சின் நன்றாகச் சூடேறும்போது எங்கேயோ நுண்ணிய முறிவு விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் மறுபடி சேர்ந்துவிடும். பொத்துவிலிலிருந்து ஏ4 வீதியில் மத்தியான வெயிலில் வருகிற வண்டி கல்முனையில் நின்று, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சாவி போட்டதும் ஓடுவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம். இந்தச் சென்சரின் பழுதைக் காட்டும் பி 0335 கோட் பதிவாகியிருந்தால் நல்லது. பதிவாகாமலும் போகும். அப்போது வண்டி ஸ்டாட் ஆகாத அந்த நேரத்திலேயே ஈசியூவை வாசிக்கும் ஸ்கானரை மாட்டி, ஸ்டாட்டர் சுற்றும்போது வேக எண் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். எஞ்சின் சுற்றுகிறது, எண் மட்டும் பூச்சியத்தில் நிற்கிறது என்றால் முதலில் சென்சரிலும் அதன் வயரிலும்தான் தேடவேண்டும். ஆறிய பிறகு கராஜுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இப்படித்தான் நல்ல பம்பையும் நல்ல இன்ஜெக்டரையும் கழற்றி மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பழுது வந்த விதத்தைச் சரியாகச் சொல்ல ஒரு சொல் இருந்தால் அந்தச் செலவு குறையும். நான் இந்த விவாதத்தில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘நூர்தல்’ எங்கள் ஊரில் அன்றாடம் புழங்கும் வினை. விளக்கு நூர்ந்தது, லைட்டை நூருங்கோ, அடுப்பு நூந்து போச்சு. அதையே எஞ்சினுக்கும் மக்கள் தாமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்: “ஓடக்குள்ள நூந்திட்டு, மறுகா சாவி போட்டன், ஸ்டாட் ஆகிட்டு.” திணறி நிற்பதற்கு இந்த வினை வராது, அதற்கு ‘இழுத்து நிக்குது’தான். நாம் தேடும் வேறுபாட்டைப் பேச்சு வழக்கு ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே எஞ்சின் தானாக, சட்டென நின்றுபோவதற்கு ‘நூர்வு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘எஞ்சின் நூர்வு’, ‘சூட்டில் நூர்வு’, ‘மேடு ஏறும்போது நூர்வு’ என்று எந்த இடத்திலும் இது உட்காரும்.

முன்வந்த சொற்களை ஏன் விடுகிறேன் என்றும் சொல்லவேண்டும். ‘இடைநிறுத்தம்’ எங்கள் அலுவலகத் தமிழில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. அதோடு, நிறுத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். இங்கே யாரும் நிறுத்தவில்லை. ‘முடக்கம்’ என்றால் ஊரடங்குதான் நினைவுக்கு வருகிறது. ‘செயலிழப்பு’ எஞ்சினே பாழாகிவிட்டது என்ற பயத்தை வண்டிக்காரருக்குக் கொடுக்கும்.

‘அணைவு’தான் வலுவான போட்டி. தமிழ்நாட்டில் விளக்கையும் வண்டியையும் அணைக்கிறார்கள், அது அங்கே இயல்பான சொல். ஆனால் ஒரு சொல் தனியாக வந்தால் போதாது, அதற்கு ஒரு குடும்பம் வேண்டும். எஞ்சின் தானாக நிற்பது ஒன்று, ஓட்டுநரோ ஈசியூவோ வேண்டுமென்றே நிறுத்துவது இன்னொன்று. தீர்வு – தீர்ப்பு, சேர்வு – சேர்ப்பு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் நமக்குப் பழகிய அச்சு இருக்கிறது. அதே அச்சில் நூர்வு – நூர்ப்பு. மேலே சொன்ன பம்பின் மின்காந்த வால்வுக்கு ‘நூர்ப்பு வால்வு’ என்று பெயர் வைத்துவிடலாம். அதன் வேலையே எஞ்சினை நூர்ப்பது. ‘அணைவு’க்கு இந்த இரண்டாம் படி வாய்க்காது. ‘அணைப்பு வால்வு’ என்று எழுதினால் தாய் பிள்ளையை அணைப்பதுதான் மனதில் வரும்.

சென்னையிலிருந்து எழுதிய அண்ணன், நூர்தல் தமிழ்நாட்டில் கேள்விப்படாத சொல், இது வட்டார வழக்கு என்கிறார். அவருடைய தயக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கலைச்சொல்லுக்கு வட்டாரம் ஒரு குறையில்லை. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சை ‘ஆளி’ என்று படித்தவர்கள் தமிழ்நாட்டின் ‘சொடுக்கி’யையும், அங்குள்ளவர்கள் ‘ஆளி’யையும் தேவைப்படும்போது புரிந்துகொள்கிறார்கள். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். இரு கரைத் தமிழும் கலந்து சொல் ஆக்குவது நமக்குப் புதிதில்லை. ‘எஞ்சின் ஓடும்போதே நூர்ந்தது’ என்ற வசனத்தை முதன்முதல் வாசிக்கிறவரும் இடம் பார்த்துப் பொருளை எடுத்துக்கொள்வார். வேண்டுமானால் முதல் சில ஆண்டுகளுக்கு விளக்கத்தில் ‘அணைதல்’ என்ற சொல்லையும் சேர்த்தே போடுவோம்.

காத்தான்குடித் தம்பி எழுப்பிய கேள்வி நான் எதிர்பாராதது, நல்ல கேள்வி. ‘நூர்’ என்றால் அரபியில் ஒளி. ஒளியைக் குறிக்கும் ஒலியிலேயே ஒளி போவதையும் சொன்னால் சங்கடமாக இராதா என்று கேட்டிருந்தார். ஆனால் தங்கள் வீட்டிலும் லைட்டை ‘நூருங்க’ என்றுதான் சொல்கிறோம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒன்று பெயர், மற்றது வினை. இரண்டும் ஒரே வீட்டில் குழப்பமில்லாமல் வாழ்கின்றன. கலைச்சொல்லாக வரும்போதும் வெறும் ‘நூர்’ தனியாக நிற்கப்போவதில்லை. நூர்வு, நூர்ப்பு என்றுதான் வரும்.

அப்புறம், ஒருநாள் வந்து மறுநாள் ஒளிக்கும் தன்மைக்கு என்ன சொல்வது? இதற்கு நான் புதுச் சொல் தேடமாட்டேன். ‘வந்துபோகும் பழுது’ என்பதே போதும். மூன்றெழுத்தில் சுருக்கினால்தான் கலைச்சொல் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது, அது தேவையில்லை. ‘இடைவிட்ட பழுது’ என்ற முன்மொழிவு, பழுதுக்குள் இடைவெளி விட்டதுபோல் இருக்கிறது. ‘மறைபழுது’ அதைவிட மோசம், அது இன்னும் வெளியே தெரியவே வராத பழுது. இந்தப் பழுது வெளியே வந்துவிட்டது, நாம் பார்க்கிற நேரத்தில் மட்டும் இல்லை. எஞ்சினுக்கு மட்டுமல்ல, மழைக்குப் பிறகு மட்டும் மங்கும் முன்விளக்குக்கும், எலி கடித்த வயரால் குழியில் விழும்போது மட்டும் எரியும் எச்சரிக்கை விளக்குக்கும் இதே தொடர் உதவும். மாரியில் வெள்ளம் வடிந்த கையோடு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிற வண்டிகளில் பாதிக் கதை இதுதான்: கனெக்டருக்குள் தண்ணீர் போய், காய்ந்து, உப்பும் களிம்பும் மிஞ்சியிருக்கும்.

நம் கலைச்சொல் தொகுதியில் சேர்ப்பதற்காக நான் எழுதியிருக்கும் பதிவு இது:

நூர்வு – ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், ஓட்டுநர் நிறுத்தாமல், திணறலுமின்றிச் சட்டென நின்றுபோதல். மின்வழங்கலோ சென்சர் சைகையோ அறுந்துபோவது வழமையான காரணம். வினை: நூர்தல் (அணைதல்). பிறவினை: நூர்த்தல், நூர்ப்பு. ஒப்பிடுக: திணறி நிற்றல்.

இன்னும் ஒரு சொல் பாக்கி, அதில் எனக்கு உதவி வேண்டும். ‘ஏர்த்’துக்கு நம் பாடநூல்களில் ‘புவித்தொடுப்பு’ என்று இருக்கிறது. வீட்டு மின்னுக்கு அது மிகச் சரி, கம்பி உண்மையாகவே மண்ணுக்குள் போகிறது. ஆனால் கார் நான்கு றப்பர் சக்கரங்களின் மேல் நிற்கிறது, அதற்கும் புவிக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. பற்றரியின் எதிர்முனையை (மைனஸ்) வண்டியின் இரும்பு உடலோடும் எஞ்சினோடும் சேர்ப்பதைத்தான் கராஜில் ஏர்த் என்கிறோம். வந்துபோகும் பழுதுகளில் முதலில் பார்க்கவேண்டிய இடமும் அதுதான். ஸ்டாட்டர் சுற்றும்போது எஞ்சின் இரும்புக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே மீற்றரை வைத்தால் 0.2 வோல்ற் அளவைத் தாண்டக்கூடாது, அதற்கு மேல் காட்டினால் அந்தத் தடித்த கறுப்பு வயரின் இரு முனையையும் கழற்றிச் சுரண்டவேண்டும். பிள்ளைகளுக்குப் ‘புவித்தொடுப்பைச் சோதி’ என்று எழுதினால் அவர்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள். ‘உடல் தொடுப்பு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பாஸ்மார் இதற்கு வேறு ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள்.