பழைய ஸ்கேனருக்கு மறுபடி உயிர் கொடுக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. புதுக் கணினிக்கு மாறியதிலிருந்து என் பழைய பிளாட்பெட் ஸ்கேனர் சும்மா கிடக்கிறது. யூஎஸ்பியில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்கேன் ஆகவில்லை. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஸ்கேனருக்கு இருப்பதோ 32 பிட் டிரைவர் (கணினியோடு அதைப் பேச வைக்கும் மென்பொருள்), அது 64 பிட் விண்டோஸில் ஓடாது.

தூக்கிப்போட மனமே வரவில்லை. அப்பா எடுத்த 35 மி.மீ. நெகட்டிவ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் இது, நெகட்டிவை அருமையாக எடுக்கும். சாதாரண ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களில் அந்த வசதி கிடையாது.

வியூஸ்கேன் மென்பொருள், லினக்ஸில் சேன் (SANE) என்ற ஸ்கேனர் மென்பொருள், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் பழைய விண்டோஸ் என மூன்று வழிகள் கண்ணில் பட்டன. இவற்றில் ஏதாவது ஒன்றில் நெகட்டிவ் ஸ்கேன் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? மூடி விளக்கு வேலை செய்ததா? எனக்கு அதுதான் முக்கியம். எதுவும் சரிவராது என்றால், நெகட்டிவுக்கு ஏற்ற புது ஸ்கேனர் ஒன்றைச் சொல்லுங்கள்.